காக்காப் பாட்டில் அடித்த மணி

ஓய்வு பெறுகிறவருக்கு வாசிக்கும் பாராட்டுரையில், ஆதாரம் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. இது விதி. ஆவடியில் எங்கள் தொழிற்சாலையில் பாராட்டுரை எழுதும் வேலை பதினைந்து வருடம் என்னுடையது. விதியைப் படித்த ஒரே ஆளும் நான்தான்.

1988இல் பெயின்ட் பிரிவுத் தொழிலாளி ஒருவர் வந்தார். மே மாதம் ஓய்வு. நசரத்பேட்டையிலிருந்து தினமும் சைக்கிளில் வருபவர்.

"சார், ஒரு வரி சேக்கணும். காக்காப் பாட்டுல மணி அடிச்சது நான்தான்."

அறுபதுகளில் வந்த வேடிக்கைப் பாட்டு அது. சைக்கிள் ஹேண்டில்பாரில் உட்கார்ந்த காக்கா, பூந்தமல்லி சந்தைக்கு ஓசியில் கூட்டிப்போகச் சொல்லும். ஒவ்வொரு அடி முடிவிலும் ஒரு மணி, கணீரென்று இல்லாமல், சளி பிடித்ததுபோல் 'கிணுக்' என்னும். ரேடியோவில் எப்போதாவது வரும்.

அப்போது அவர் டீக்கடையில் வேலை. ஒலிப்பதிவுக்கூடத்துக்கு டீ கொண்டுபோய் வாசலில் மணி அடித்திருக்கிறார். உள்ளே புது மணியின் சத்தம் பிடிக்காமல் சலித்துப்போயிருந்தவர்கள், இவரைச் சைக்கிளோடு மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

"ஆதாரம்?"

"இன்னா சார், காக்காவையா சாட்சிக்கு இட்டார முடியும்? ஊட்ல இருபது வருசமா நம்பல. நீங்க படிச்சாத்தான் நம்புவாளாம்."

இசைத்தட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். கை பழக்கத்தில் தலைப்பில் 'உரிய வழியாக' என்று போட்டுத் தொலைத்தேன். கடிதம் தபாலுக்குப் போகாமல் மேலதிகாரிகளிடம் போனது. இரண்டு மாதம் கழித்து ஒரு குறிப்போடு திரும்பியது: 'மணி அடிக்க முன் அனுமதி பெறப்பட்டதா?' அப்போது அவர் இங்கே வேலையிலேயே இல்லை என்று பதில் எழுதிவிட்டு, கடிதத்தை நானே தபாலில் சேர்த்தேன். பதில் இல்லை.

கடைசி நாள் காலை, ரேடியோவிலிருந்து நான் பதிவு செய்திருந்த கேசட்டோடும் டேப் ரெக்கார்டரோடும் சைக்கிள் கொட்டகைக்குப் போனேன்.

"அதே மணியா?"

"மூணு சைக்கிள் மாறிச்சு. மணி மாறல சார்."

அடித்தார். கிணுக். கேசட்டைப் போட்டேன். கிணுக். 'ஆதாரம் நேரில் கேட்டறியப்பட்டது' என்று கோப்பில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மாலையில் அந்த வரியை வாசித்தபோது, முன்வரிசையிலிருந்த அவர் மனைவி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது மேடை வரை கேட்டது.

"அப்ப மெய்தான் சொல்லிகினு இருந்திருக்காரு இந்த மனுசன்."

இசைத்தட்டுக் கம்பெனியின் பதில் பிறகுதான் வந்தது. அதில் ஒரே வரி: 'சைக்கிள் மணி, டீ கொண்டுவந்தவர்.' கோப்பில் சேர்த்து, வந்த தேதியைக் குறித்தேன்: அடுத்த வருடம், போகிக்கு முந்தின நாள்.