நான் அழவில்லை, கண் காய்ந்திருக்கிறது

நானும் என் நாத்தனார் செல்வியும் ஒரே வாரத்தில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டோம். ஒரே மாதத்தில் அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. எனக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய் உண்டு, அவளுக்கு இல்லை. இரண்டு மாதம் கழித்தும் எனக்கு மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது காற்று பட்டால் தண்ணீராகக் கொட்டும்.

எங்களை வேலை வாங்கும் கங்காணி எல்லோர் முன்னாலும், "அழுதுகிட்டே கொழுந்து எடுக்கிறதுனா வீட்டுலயே இரு" என்றார். கண்ணில் கோளாறு என்று சொல்லாமல் விட்டேன். அது என் முதல் தப்பு. இரண்டாவது, செல்வி சொன்னாள் என்று பால் சேர்க்காமல் ஆறவைத்த தேயிலைச் சாயத்தில் கண்ணைக் கழுவியது. மூன்றாம் நாள் கண் சிவந்து வீங்கி, திறக்கவே முடியவில்லை. வந்த பார்வையும் போய்விட்டது என்று பயந்து, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா இமைக்குள் சிறு காகிதத் துண்டு வைத்துப் பார்த்து, "ரெண்டு கண்ணும் காய்ஞ்சிருக்கு" என்றார்.

"தண்ணி ஊத்துதேங்க."

"காய்ஞ்சு உறுத்துறதாலதான் ஊத்துது. ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்கும் வரலாம். சீனி இருந்தா ஆற நாளாகும். இனிமே கண்ட தண்ணியையும் கண்ணுல விடாதீங்க."

சாயத்தால் வந்த புண்ணை முதலில் ஆற்றினார். பிறகு கண் காயாமலிருக்கத் துளி மருந்து தந்தார். இப்போது அதை மடியில் கட்டிக்கொண்டுதான் கொழுந்து மலைக்குப் போகிறேன். சீனியையும் தவறாமல் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம், தேயிலைச் செடி நிரையில் நின்று மருந்து விடும்போது கங்காணி, "மறுபடியும் அழுகையா?" என்றார்.

"மருந்து விடுறேங்க. ஒங்க பேச்சுக்கு அழுற ஆளு நானில்ல" என்றேன்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கண்ணுக்கும் விட்டேன்.