சுத்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு

பிள்ளையார்பாளையத்தில் நானும் என் வீட்டுக்காரரும் டிபன் கடை வைத்திருக்கிறோம். தறியை விட்டு இறங்கி வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கை. ஒரு நாள் காலை, கூட்டம் நெரிகிற நேரத்தில், தண்ணீர் சுத்திகரிக்கிற மிஷின் விற்பவன் ஒருவன் வந்தான். என் குடத்துத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரிலும், தான் கொண்டுவந்த சுத்தத் தண்ணீரை இன்னொன்றிலும் ஊற்றி, இரண்டிலும் கம்பிகளை விட்டுக் கரண்டு கொடுத்தான். அவன் தண்ணீர் அப்படியே நின்றது. என்னுடையது சாக்கடை மாதிரி பழுப்பாகிவிட்டது.

"இதத்தான் ஜனங்களுக்குக் குடுத்துக்கினு இருக்கீங்களாக்கா?" என்றான், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்தார்கள். மறுநாள் முதல் ஈ ஓட்டினோம்.

நான் வேதியியல் பட்டம் வாங்கியவள். அன்று இருந்த அவமானத்தில், படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மூலையில் கிடந்த அந்த டம்ளரை இரண்டு நாள் கழித்துத் தேய்க்கும்போதுதான் அடியில் படிந்திருந்தது துரு என்று உறைத்தது. அழுக்கு என் தண்ணீரில் இல்லை, அவனுடைய இரும்புக் கம்பியிலிருந்து வந்தது. குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் உப்புகள் இருக்கும். அதனால் கரண்டு ஓடும், இரும்பு அயனிகளாகப் பிரிந்து தண்ணீரில் இறங்கித் துருவாகும். சுத்திகரித்த தண்ணீரில் அந்த உப்புகள் அநேகமாக இல்லை. கரண்டு ஓடாது, கம்பி சும்மா நிற்கும். இவ்வளவுதான் அவன் வித்தை.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. நான் ஆறவிடவில்லை. மிஷின் வாங்கிக்கொள்கிறேன், எல்லார் முன்னாலும் இன்னொரு தடவை காட்டு என்று அவன் விட்டுப்போன நம்பருக்குப் போன் போட்டேன். எழுந்து போனவர்களை டீக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். அவன் தன் சுத்தத் தண்ணீரை ஊற்றியதும் அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினேன்.

"இப்போ கரண்டு குடுப்பா."

அவன் கம்பிகளைச் சுருட்டப் பார்த்தான். "குடு, பாக்கலாம்" என்றார் ஒரு தறிக்காரர். கொடுத்தான். என் தண்ணீரைவிட மோசமாகப் பழுப்பானது.

"இதான் என் பொழப்புக்கா, வுட்டுடுங்க" என்றான் மெதுவாக.

"என் பொழப்புலதானேப்பா நீ கம்பிய வுட்ட?"

எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினேன்.

"வேர்த்துக்கினு இருக்குது பாரு. குடி."

சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து முழுசாகக் குடித்துமுடித்தான்.

சொம்பை வாங்கி அவனுக்கே மறுபடியும் மொண்டேன்.