மாதாவின் காலடியில் மஞ்சள் பூ

முன்னறையில் கதிரை நகரும் சத்தம் கேட்டது. குசினியில் தேத்தண்ணி வடித்துக்கொண்டிருந்த மேபலின் கை அப்படியே நின்றது. உட்காரச் சொன்ன பிறகும் வந்தவள் எதற்காக எழும்புகிறாள்?

வந்திருப்பது பக்கத்து வீட்டு மஸீனா. கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் புடவைக்கடை வைத்திருக்கும் மர்சூக்கின் மனைவி. காலையானால் வேலியோரம் வந்து எட்டிப் பார்ப்பாள். மேபல் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அவளைப் பார்ப்பாள். மஸீனாவின் கண் எப்போதும் ஒரே இடத்தில்தான் விழும், பூசணி இனத்துச் சுக்கினிச் செடிகளின் மேல்.

அந்த விதைகள் இத்தாலியிலிருந்து வந்தவை. அங்கே ஒரு முதியவளைப் பராமரிக்கப் போன மகள் ஷிரோமி, ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தாள். "மாதா திருநாளுக்கு வர்றேம்மா. நம்ம தோட்டத்துல காய்ச்சதை உங்க கையால சமைச்சுத் தாங்க." ஃபோனில் சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அன்று முதல் தையல் மெஷினை விட்டு எழும்பும்போதெல்லாம் மேபல் செடியடிக்குத்தான் ஓடினாள். இலை குடைபோல விரிந்தது. பூவுக்குப் பின்னால் பிஞ்சும் வந்தது. ஆனால் விரலளவில் மஞ்சளித்து, நுனி அழுகி, ஒவ்வொன்றாய் விழுந்தது. பெற்றவளின் ஆசையும் கூடவே விழுந்தது.

மஸீனாவின் கண்ணூறுதான்! ஆசையாக ஒரு கன்றை மஸீனாவுக்குக் கொடுத்த கையாலேயே, வேலிப்பக்கம் புள்ளி வைத்த சட்டியைக் கவிழ்த்தாள் மேபல். பிஞ்சு விழுவது நிற்கவில்லை. திருநாளோ நெருங்கிவிட்டது.

தேத்தண்ணியோடு வந்தபோது மஸீனா மாதா சுரூபத்தின் முன்னால் நின்றாள். கண்ணாடிக் கிளாஸில் இருந்த மஞ்சள் பூக்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன பாக்குறீங்க?" மேபலின் குரலில் முள் இருந்தது.

"இது சுக்கினிப் பூதானே, மேபலக்கா?"

"ஆமா. விடியக்காலம் ஆஞ்சு மாதாவுக்கு வைப்பேன். பிஞ்சு உள்ள பூவைத் தொடமாட்டேன். நெட்டைக் காம்புல சும்மா பூக்குதே, அதை மட்டும்தான்."

"எல்லாத்தையுமா?"

"காய்க்காத பூதானே. மாதாவுக்காவது ஆகட்டும்."

மஸீனாவின் முகம் சிவந்தது. "அப்ப வேணுமிண்டுதான் செஞ்சிருக்கீங்க! நீங்க தந்த கன்டுல பிஞ்சுப்பூ மட்டும்தான் பூக்குது. ஒங்கட ஆண்பூ ஒண்டு கேக்கத்தான் தினம் வேலிக்கு வந்தேன். செடியில ஒண்டும் ஈக்கல்ல, அதுதான் இண்டைக்குக் கேக்கவே வந்தேன். எனக்குத் தரக்கூடாதுண்டு வெள்ளனவே பிச்சிட்றீங்க!"

"ஆண்பூவா?"

"பூசணிக்கு எங்கட உம்மா செய்வாவே. ஆண்பூவைப் பிச்சு பிஞ்சுப்பூவுல தேய்ச்சாத்தான் காய் பிடிக்கும்."

கோப்பை தளும்பித் தேத்தண்ணி விரலைச் சுட்டது. மேபலுக்கு அது உறைக்கவில்லை. மகள் வரவேண்டுமென்று மாதாவிடம் கும்பிட்ட கைகளே, மகளுக்கான காயை விடியலுக்கு விடியல் கொன்றிருக்கின்றன!

இன்றும் தோட்டத்தில் ஒரு பிஞ்சுப்பூ விரிந்திருந்தது. வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். ஆனால் மாதாவுக்கு வைத்ததைத் திருப்பி எடுக்கலாமா? மேபல் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் நிறைந்தன.

"நீயும் பெத்தவதானே தாயே" என்று சொல்லி, பூக்களை எடுத்தாள்.

இருவரும் பின்பக்கம் போனார்கள். மஸீனா சொல்லச் சொல்ல, மேபல் ஆண்பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பிஞ்சுப்பூவுக்குள் மெல்லத் தேய்த்தாள். விரலெல்லாம் மஞ்சள் தூள்.

"பெரிய பூவை ஒங்களுக்கே எடுத்துட்டீங்க" என்றாள் மஸீனா.

"எம் மக வர்றா."

செருப்பு முன்வாசலில் இருந்ததால் வீட்டுக்குள்ளாலேயே திரும்பினார்கள். மீதிப் பூவை முக்காட்டு நுனியில் பொத்திக்கொண்டு மஸீனா வாசலில் நின்றாள்.

"அந்தச் சட்டி எனக்குத்தானே கவுத்தீங்க?"

"சீ, குரங்குக்கு."

"ஓ... கண்டிக் குரங்கு புள்ளிக்கு நல்லாத்தான் பயப்படும்."

சிரிக்காமலே படியிறங்கிப் போனாள். ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். மேபலும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளில் மஞ்சள் தூள் ஒட்டியது.