தீக்குச்சி பிடித்த கை

2008 வாக்கில் திருத்தணியில் நடந்தது. மலைக்கோயிலில் தாலி கட்டிவிட்டுக் கீழே மண்டபத்துக்குச் சாப்பிட வருகிற கல்யாணக் கூட்டத்துக்குச் சமைப்பதுதான் என் தொழில். ஒரு முகூர்த்தத்தன்று காஸ் டியூப் குப்பென்று பற்றிக்கொண்டது. கூடவே காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவிதான் ஈரச்சாக்கைப் போர்த்தி என்னை வெளியே இழுத்தாள்.

கையில் பட்ட தீப்புண் ஆறியது, பயம் ஆறவில்லை. அடுப்பு 'புஸ்' என்றால் போதும், தெருவுக்கு ஓடிவிடுவேன். சமையல்காரனுக்கு அடுப்பைக் கண்டால் பயம் என்றால் பிழைப்பு என்னாவது? மனைவி பக்கத்து வீட்டில் சமைத்து எனக்குச் சோறு கொண்டுவந்தாள். வீட்டில் சாமி விளக்குகூட ஏற்றவில்லை.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிப் பயத்துக்குப் புதிய வைத்தியம் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். தலையோரம் காந்தக் கருவியை வைப்பார்கள். மரங்கொத்தி கொத்துவது மாதிரி டக்டக்கென்று தட்டும். அது முடிந்ததும் அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்வார்கள், அடுப்புச் சத்தத்தைக் கேட்க வைப்பார்கள். அப்பப்பா, வேர்த்துக் கொட்டிவிடும்.

"காந்தம் பயத்த எடுத்துடாதுங்க. மனசு பழகக் கொஞ்சம் கை குடுக்கும், அவ்ளோதான்" என்றார் டாக்டரம்மா. மனைவியிடம்தான் கறாராக, "உங்க அன்புதாம்மா அவர் பயத்துக்குச் சோறு போடுது. வீட்லயே அடுப்பு பத்த வைங்க, அவர் பக்கத்துல நிக்கட்டும்" என்றார்.

மறுநாளே வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் ஓடினேன். "எத்தினி நாளு இப்டி ஓடிகினே இருப்பீங்க? வாங்க உள்ள!" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ராட்சசி என்று திட்டினேன்.

"ஆங், ராட்சசிதான். நில்லுங்க."

நான் ஓடுவதும் அவள் இழுத்து வருவதுமாக வாரங்கள் போயின. ஒரு காலை, ஓடாமல் நின்றுவிட்டேன். அன்றுதான் அவள் கையைப் பார்த்தேன். தீக்குச்சி பிடித்த விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

"உனக்கும் பயமா?" என்றேன்.

"பின்ன இருக்காதா? அந்த நெருப்புல நானுந்தான இருந்தேன்? பக்கத்து வூட்லயும் அவங்க பத்த வச்சப்புறந்தான் உள்ளயே போவேன்."

அவள் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கினேன். கல்யாண அடுப்பு மூட்டும்போது செய்கிற வழக்கப்படி முன்னால் சூடம் ஏற்றி, "முருகா" என்று நானே பற்ற வைத்தேன். இரண்டு பேரும் அழுதுகொண்டே டீ குடித்தோம். அடுத்த தை மாத முகூர்த்தத்தில் மண்டபத்து அடுப்பும் என் கையால்தான் எரிந்தது.

அந்த டாக்டரம்மா எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் என் தலைக்காவது காந்தம் வைத்தார்கள். எந்த வைத்தியமும் இல்லாமல், எனக்காகத் தினமும் அந்த நெருப்பின் முன்னால் நடுங்கிக்கொண்டே நின்றவளுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.