அத்தானின் இசைத்தட்டுகளும் போதகரின் தொண்டையும்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் தரைக்கு ஒரு விரல் மேலே நின்றால்கூட, "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கூட இருப்பவர்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். அவ்வளவு சுத்தமான வேலைக்காரர் வீட்டுக்கு வந்ததும் செய்கிற காரியம்தான் எனக்கு ஆத்திரம். சட்டையைக்கூட மாற்றாமல் இசைத்தட்டைப் போட்டுவிடுவார். நான் கீழ்வீட்டில் குடியிருக்கிற மச்சினி. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறேன். பகலெல்லாம் பல் குடைகிற சத்தம், வீட்டுக்கு வந்தால் தலைக்கு மேல் டிரம்ஸ்.

பாட்டுத்தானே, போகட்டும் என்று விடலாம். என்ன பாட்டு என்று கேளுங்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால், முடி வளர்த்த பையன்கள் கிழிந்த ஜீன்ஸோடு எலெக்ட்ரிக் கிதாரை அலறவிட்டு இயேசுவைப் பாடியிருக்கிறார்கள். கிறிஸ்தவ ராக்காம். அதிலும் ரேடியோவில் வருகிற ரகம் இல்லை, அதற்கு மாற்றான ரகமாம். ராக் கேட்கிறவர்கள் இது ஜெபக்கூட்டம் என்று ஒதுக்கினார்கள். ஜெபக்கூட்டத்தார் இது பிசாசு என்று விரட்டினார்கள். இரண்டு பக்கமும் வேண்டாமென்று தள்ளியதையெல்லாம் தேடித் தேடி வாங்கி, முன்னறைச் சுவர் முழுக்க அலமாரி அடித்துக் குடிவைத்தவர் அத்தான்.

வேடிக்கை என்னவென்றால், அத்தானுக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. கல்யாணத்துக்குச் சர்ச்சுக்குப் போனவர்தான். அங்கே லிஃப்ட் இல்லாததால் மறுபடி போகவேண்டிய அவசியம் வரவில்லை. அக்காவோ காய்ச்சலில் படுத்தால்கூட ஆராதனையைத் தவறவிடாதவள்.

"இவ்வளவு அல்லேலூயா கேக்கறீங்களே, ஒரு நாள் முட்டி போடக் கூடாதா?" என்பாள்.

"நான் கிதாரத்தான் கேக்கறேன். அல்லேலூயா அதுவா வருது" என்பார்.

அலமாரியில் ஒரு செல்லப்பிள்ளை உண்டு. நாலு பையன்கள் முதுகைக் காட்டி நிற்கிற அட்டை. முகமும் இல்லை, பேரும் இல்லை, எந்த ஊர் என்றும் இல்லை. அந்தக் குழு போட்டதே அந்த ஒரு தட்டுதான். "அந்தக் குரலக் கேளும்மா. ஆம்பளக் குரல் இவ்ளோ மேல போகுமா? தேவதூதன்!" என்று உருகுவார். கடவுள் இல்லாதவருக்குத் தேவதூதன் மட்டும் எங்கிருந்து வந்தானோ.

தட்டைச் சுற்றுகிற மிஷினும் அவர் கைவண்ணம்தான். அந்தச் செல்லப்பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்பே, மோட்டாரில் இருந்த சின்னச் சக்கரம் ஒருமுறை உடைந்துபோயிற்று. கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்காமல், கழித்துப்போட்ட லிஃப்ட் கதவிலிருந்து ஒரு சக்கரத்தைக் கொண்டுவந்து மாட்டினார். "பழசவிட ஜோரா ஓடுது" என்று பெருமை வேறு.

இப்படியிருக்கையில் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தன் சர்ச்சில், தன் போதகர் கையால் நடக்கவேண்டும் என்பது அக்காவின் ஒரே ஆசை. போதகர் படு கறார். பழைய ஆர்கனைத் தவிர வேறு வாத்தியம் எதையும் உள்ளே விடமாட்டார். கல்யாணத்துக்கு முன் வீட்டில் ஜெபிக்க வந்தவர் கண்ணில் அலமாரி பட்டது. ஒரு தட்டை உருவிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இந்தக் குப்பை இந்த வீட்ல இருக்கற வரைக்கும் கல்யாணத்த நான் நடத்த மாட்டேன்."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் அழுதுகொண்டே சமையலறைக்குள் போக, டீ போடுகிற சாக்கில் அக்காவும் பின்னாலேயே போனாள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. மகளா, தட்டுகளா என்று கேட்டால் எந்தத் தகப்பன் என்ன சொல்வான்?

"எடுத்துடறேங்க ஐயா. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாட்டு. கொளுத்தறதானாலும் எதக் கொளுத்தறோம்னு தெரியணும்ல?" என்றவர், செல்லப்பிள்ளையை எடுத்து வைத்தார்.

போதகர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தேவதூதன் பாட ஆரம்பித்தான். போதகரின் நெற்றி சுருங்கியது. கழுத்து இப்படியும் அப்படியும் திரும்பியது. சட்டென்று எழுந்தார்.

"வேகமா ஓடுது!"

"என்னதுங்க ஐயா?"

"தட்டு வேகமா ஓடுதுய்யா! என் தொண்டை என்ன இப்படிக் கீச்சுனா இருந்துச்சு?"

அறையில் அத்தானும் நானும்தான் இருந்தோம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்கவேண்டும், தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அத்தான் தட்டின் ஓரத்தில் மெல்ல விரலை வைத்து ஓட்டத்தைக் குறைத்தார். குரல் இறங்கி இறங்கி, கொஞ்சம் கரகரத்த, சாதாரணப் பையன் குரலாக வந்து நின்றது.

"இதுவா?" என்றார் அத்தான். இத்தனை வருஷமாக அவர் உருகியது ஒரு லிஃப்ட் கதவுச் சக்கரத்துக்கு.

"இதுதான். இதுதான் நான்" என்றார் போதகர். கண் கலங்கியிருந்தது. "என்கிட்ட ஒண்ணுகூட இல்ல. ஊழியத்துக்கு வரணும்னா எல்லாத்தையும் கொளுத்துன்னு பெரியவங்க சொன்னாங்க. என் கையாலயே கொளுத்தினேன்."

அந்த மனுஷன்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ, பாவமாக இருந்தது.

அக்கா டீயோடு வந்தாள். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாத்தையும் பெட்டில போட்டு என் வீட்டுக்கு அனுப்பிடுங்க. அந்த மிஷினையும் சேத்து. நானே என் கையால அழிச்சிடறேன்."

"ஸ்தோத்திரம்!" என்றாள் அக்கா.

அத்தானே எல்லாவற்றையும் துணியில் சுற்றி, கம்பெனி வேனில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். "நிஜமாவே கொளுத்திடுவாராம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் என்னத்தைச் சொல்வது? ஏற்கெனவே ஒருமுறை கொளுத்திய கை. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மகள் மோதிரம் மாற்றும்போதுகூட அத்தான் போதகர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அத்தான் சர்ச்சுக்குக் கிளம்பினார். அக்காவுக்கு மயக்கமே வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு வாரம் தவறவில்லை. ஆராதனை முடிந்தால் போதகரோடு அவர் வீட்டில் தனி ஜெபம் வேறு. அக்கா சபையில் எழுந்து நின்று, "பாட்டத் தொலைச்சாரு, கர்த்தரக் கண்டுக்கிட்டாரு" என்று அழுது சாட்சி சொன்னாள். சபை மொத்தமும் ஆமென் போட்டது.

போன ஞாயிறு, ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். அத்தான் போனை எடுக்கவில்லை என்று கம்பெனியிலிருந்து எனக்கு அடித்தார்கள். போதகர் வீட்டுக்கு ஓடினேன். பின்னறை ஜன்னலெல்லாம் மூடிக் கிடந்தது. கதவைத் தள்ளினால் நகரவில்லை, அடியில் துண்டைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். ஒரு தள்ளு தள்ளி உள்ளே போனேன்.

ஒரு தட்டுக்கூடக் குறையாமல் சுவரோரம் அடுக்கியிருந்தது. இரண்டு பேரும் மிஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சண்டை.

"ஐயா, ஒரே ஒரு தடவ என் சக்கரத்துல ஓட்டிப் பாக்கலாம்."

"சரியான வேகத்துக்குப் புதுச் சக்கரம் செய்யச் சொல்லிப் போட்டிருக்கேன்ல? அதுல கேளும்யா."

"சரியான வேகத்துல நீங்க அவ்ளோ நல்லாப் பாடலீங்க ஐயா."

அத்தான் சட்டைப் பையிலிருந்து பழைய சக்கரத்தை எடுத்து மாட்டியேவிட்டார். தேவதூதன் பாடினான். போதகர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருபது வயசுல எனக்கு இப்படித்தான்யா கேட்டுச்சு" என்றார்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி, பாட்டு முடிந்த பிறகுதான் நான் சொன்னேன்.