கனடாவுக்குப் போன கோலிக்குண்டுகள்

பார்சல் ஆபீஸ் கவுண்டரில் உட்காருகிறவனுக்குப் படிப்பைவிட மூக்கு முக்கியம். ஊறுகாய் ஒழுகுவதையும் கருவாடு ஒளிந்திருப்பதையும் அதுதான் கண்டுபிடிக்கும். பட்டுக்கோட்டையில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் முறுக்கு, பொடி, வடாம் என்று வருஷம் முழுக்க எங்களுக்கு வேலை. ஆனால் வாசனையே இல்லாத பார்சல்களைக் கொண்டுவந்து எங்களைப் பாடாய்ப் படுத்தியவர் ஒருவர் உண்டு: தேங்காய் மண்டி செலின் அக்கா. இதே தொழிலில் அவதிப்படும் சக ஜீவன்களே, கேளுங்கள்.

கனம்

முதல் தடவை ஒரு பால்பவுடர் டப்பா நிறையக் கோலிக்குண்டு கொண்டுவந்தார். கனடாவில் இருக்கும் தம்பி சவரி சின்ன வயதில் சேர்த்தவையாம், அவருக்கே அனுப்ப வேண்டுமாம். தம்பிக்கு ஐம்பது வயது. தராசில் வைத்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இந்தச் செலவுக்கு முறுக்கு அனுப்பலாமே என்றேன். முறுக்கு அங்கேயே கிடைக்கிறது என்றார்.

பிறகு தானாகவே விஷயத்தைச் சொன்னார். அம்மாவின் அடக்கத்துக்குச் சவரியால் வர முடியவில்லை. அந்த ஆத்திரத்தில், இனிமேல் நீ வரவே வேண்டாம் என்று அக்கா போனில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தம்பி பேசுவதில்லை. அக்கா கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை. பேச்சு போகாத இடத்துக்குப் பொருளாவது போகட்டும் என்றுதான் இந்த டப்பா. எனக்கு மனசு கேட்கவில்லை. செலவைக் குறைக்கப் பாதிக் குண்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"பாதி அனுப்புனா மீதிய நான் அமுக்கிட்டேன்னு சொல்லுவான்."

துப்பாக்கி

அடுத்த தடவை பையிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். தீபாவளிக்குப் பொட்டுவெடி வைத்துச் சுடுகிற தகரத் துப்பாக்கிதான். துருப்பிடித்திருந்தாலும் விசை நன்றாக வேலை செய்தது. துப்பாக்கி மாதிரி இருக்கிற எதுவும் விமானத்தில் போகாது என்று எடுத்துச் சொன்னேன்.

அதற்குள் வரிசையில் நின்ற பெரிய மனிதர்கள் அதைக் கைமாற்றி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வக்கீல் பீரோவுக்குப் பின்னால் பதுங்கி என்னைக் குறிபார்த்தார். யாருக்கும் தன் பார்சல் ஞாபகமே இல்லை. அக்கா ஒருவழியாகத் துப்பாக்கியை மீட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, ரொம்ப வருத்தமாகச் சொன்னார்.

"இதுக்குப் பயந்து எங்க வீட்டுக் காக்கா கூடப் பறந்ததில்ல."

பெட்டி

அப்புறம் வந்தது, சவரி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன அலுமினியப் பெட்டி. அந்த மாதிரிப் பெட்டியைச் சுமந்து தொடையில் இடிபட்டவன் நானும். பார்த்ததும் ஒருதரம் திறந்து மூடிப் பார்த்தேன். அந்தச் சத்தம் அப்படியே இருந்தது.

மூடி நடுவில் நன்றாக நசுங்கியிருந்தது. பேக்கிங் செய்யும் பாஸ்கர் நல்ல மனசுக்காரர். அக்கா ரசீது வாங்குவதற்குள் சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிட்டார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. சவரி அதன்மேல் உட்கார்ந்து வாய்க்கால் கரையில் சறுக்கியபோது விழுந்த நசுங்கலாம் அது. அதை அனுப்பத்தான் வந்தாராம். பாஸ்கருக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைத் தரையில் வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் உட்காரத் தயாரானார். ஆள் நல்ல கனம்.

"பார்த்து உக்காருங்க தம்பி, அவன் அப்ப ஒல்லி."

படகு

ஒவ்வொரு பார்சலும் போனபிறகு அக்கா வந்து கேட்பது ஒன்றுதான்: கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டானா? கம்ப்யூட்டரைப் பார்த்து, வாங்கியாச்சு என்று சொன்னால் திருப்தியாக மண்டிக்குக் கிளம்புவார். போன் மட்டும் வரவே இல்லை. திருப்பி அனுப்பாதவரை உறவு இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அவர்மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

கடைசியாக அனுப்பியது ஒரு தகரப் படகு. திருவிழாக் கடையில் விற்பார்களே, திரியைக் கொளுத்தித் தொட்டியில் விட்டால் டுப்டுப்பென்று ஓடுமே, அது. நல்ல சிவப்பு. அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்க அக்கா வந்து நின்றபோது ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தால், கனடாவிலிருந்து சவரி. பார்சல்மேல் இருந்த எங்கள் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு புகார் என்றார். படகு உடைந்துவிட்டதோ என்று ரசீதைத் தேடினேன்.

"செவப்பு அக்காவோடது. என்னோடது பச்ச. மாத்தி அனுப்பிட்டாங்கன்னு சொல்லிடுங்க."

அதை அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அக்காவிடம் போனை நீட்டினேன். அக்கா காதில் வைத்துத் தம்பியின் புகாரைக் கேட்டார். கண் நிறைந்துவிட்டது. குரலில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"பச்ச இங்கதான் இருக்கு. வேணும்னா வந்து எடுத்துக்கடா."

பச்சைப் படகையும் பார்சலில் அனுப்பியிருந்தால் எங்கள் கிளைக்கு இன்னொரு ரசீது கிடைத்திருக்கும். அக்கா வியாபாரத்தைக் கெடுத்துவிட்டார்.