வாசல் வெயிலில் பார்த்த பிறகே

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில்தான் அப்போது எங்கள் அலுவலகம் இருந்தது. புடவைக் கடைகளுக்கு இணையதளம் கட்டித் தரும் வேலை. முதலாளியையும் சேர்த்து மூன்றே பேர். திரையில் தெரியும் பக்கங்களுக்கு நான் நிரல் எழுதுவேன். அதை வரிவரியாகப் படித்துச் சரிபார்ப்பவள் என்னைவிட இளைய ஒரு தோழி. ரமலான் மாதத்தில் வீட்டிலிருந்து எங்களுக்கும் நோன்புக் கஞ்சி கொண்டுவருவாள்.

நிரலைச் சரிபார்க்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை வாங்கிய முதலாளி, அதற்கான நெறிமுறைகளை என்னிடம் எழுதச் சொன்னார்.

"சுருக்கமா எழுதுங்க மேடம். ஏ.ஐ. ஓகே சொன்னா சைட்ல ஏத்திடலாம். அதுக்கு மேல ஒரு ஆள் எதுக்கு?"

அந்த ஓர் ஆள் பக்கத்து நாற்காலியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "என் சீட்டைக் கிழிக்கிற பேப்பரை நீயே எழுதிக்கினு இருக்கியேக்கா! எழுத்தாவது அழகா இருக்கட்டும்" என்று சிரித்தாள். அதன் பிறகு வெகுநேரம் அந்தத் தேநீரைக் குடிக்கவில்லை.

முதற்பகுதி எளிதாகவே வந்தது. ஒரே நிரல் இரண்டு இடத்தில் இருந்தாலோ, படத்துக்கு விவரம் எழுத விட்டுப்போனாலோ கருவி சுட்டட்டும். அதில் அது எங்களைவிடப் பொறுமைசாலி. அதன் யோசனையை ஏற்றாலும் மறுத்தாலும், காரணத்தை எங்களில் ஒருவர் எழுத வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

அப்போதுதான் ஒரு புடவைப் பக்கத்தைக் குறையில்லை என்று கருவி அனுப்பியது. புடவைப் படத்தின்மேல் 'வாங்க' என்று மஞ்சள் எழுத்தில் ஒரு பொத்தான். அவள் கைபேசியோடு கீழே இறங்கினாள். கடைக்காரர் வழக்கம்போல் ஒரு புடவையை வாசல் வெயிலில் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். குழல்விளக்கில் பார்த்த நிறத்தை எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. அவளும் அவரருகே நின்று கைபேசியை வெயிலில் நீட்டினாள்.

"சார், கீழ வாங்க! பட்டனைக் காணோம்!"

முதலாளியும் நானும் இறங்கினோம். சரிகைக் கரையின் பளபளப்பில் மஞ்சள் எழுத்து முற்றிலும் மறைந்திருந்தது. கருவி படித்தது நிரலை மட்டும். படத்தில் சரிகை எங்கே ஓடுகிறது என்பது நிரலில் இல்லை.

"இன்னா சார், பொண்ணு பார்க்க வந்தவரு மாதிரி உத்துப் பார்த்துக்கினு இருக்கீங்க?" என்றாள்.

"உங்க ஏ.ஐ.யையும் வெயில்ல இட்டாந்து நிறுத்துப்பா" என்றார் கடைக்காரர். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று ஒரு விதி சேர்ந்தது: திரையில் தெரியும் எந்த மாற்றமும், ஒருவர் வாசல் வெயிலில் பார்த்த பிறகே தளத்துக்குப் போக வேண்டும். 'ஒருவர்' என்பதை அடித்து, அங்கே அவள் பெயரை எழுதியவர் முதலாளி.

பின்னர் நல்ல வேலை கிடைத்து அவளாகவே சென்னைக்குப் போனாள். அலுவலகமும் குளிரூட்டிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. இப்போதுள்ள கருவி படங்களையே பார்த்துக் குறை சொல்கிறது. ஆனாலும் அவள் பெயர் உள்ள விதியை யாரும் நீக்கவில்லை. அவளுக்குப் பதிலாக நான் கைபேசியோடு தெருவுக்கு இறங்கும்போதெல்லாம், பக்கத்தில் ஒருத்திக்கு இடம் விட்டே நிற்கிறேன்.